முத்திரை தராசுக்கு மட்டும்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் எழும்பி வந்து, "ஏன் புள்ள, என்ட பேர எழுத ஆருட்ட லைசன் எடுத்த நீ?" என்று கேட்பார். நான் பதில் தேடுவதற்குள் தானே சிரித்தும் விடுவார். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் வீதியில் அரிசிக்கடை வைத்திருந்த பெண் அவர். ஊருக்கு அவர் 'அரிசிக்கடை ராத்தா'. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் ராத்தா என்றார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காரும் ராத்தா என்றார், கடன் கேட்க வருகிறவர்கள் மட்டும் 'ராத்தாம்மா' என்று ஒரு 'ம்மா'வைக் கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

என் வீட்டுச் சுவரும் அவருடைய கடைச் சுவரும் ஒன்றுதான். அதனால் அவருடைய வியாபாரம் முழுவதும் என் சமையலறைக்குள் கேட்கும். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கறுப்பு அபாயாவின் மடியில் எந்நேரமும் தவிட்டுத் தூசி. கடை வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று. காலையில் அதில் உட்கார்ந்தால் நண்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். இடையில் மூடை இறக்க எழும்புவார், அரிசி நிறுக்க எழும்புவார். ஆளுக்காக எழும்பமாட்டார். "முழங்கால் நோவுது" என்று சொல்லிக்கொள்வார். பொய். அரிசி ஆலைக்காரன் ஈர மூடையை இறக்கினால் அந்த முழங்கால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் கண்டவள் நான்.

அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு: "விலகி நிண்டாப் போதும்." அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். யாரும் கேட்காவிட்டாலும் இதுதான்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு வாய் இருப்பது லேசான காரியமில்லை. இங்கே மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியே "அரசாங்க உத்தியோகமா?" என்பதுதான். பியோன் வேலை என்றாலும் அரசாங்கப் பியோன் என்றால் சீதன வீட்டுக்கு மேல்மாடி ஒன்று கூடும். தேர்தல் வந்தால் வீட்டுக்கு வீடு வேலை கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியைதான். ராத்தா என்னை 'அரசாங்கப் புள்ள' என்று கேலி செய்வார். நான் அவரை 'சுதந்திர வர்த்தக வலயம்' என்பேன். அந்தப் பட்டம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு தேர்தல் காலத்தில் பெரிய அரசியல்வாதி ஒருவர் எங்கள் வீதிக்கு வந்தார். பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரித்தான். முன்னால் பட்டாசு, பின்னால் நாலைந்து வாகனம். வீதியே எழும்பி நின்றது, நானும் நின்றேன். ராத்தா கதிரையில் இருந்தபடியே கேட்டார்:

"வாங்க வாங்க. என்ன வேணும், நாட்டரிசியா, சம்பாவா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். "அரிசி வாங்க வரல்ல ராத்தா. உங்கட மகன் படிச்சிட்டுச் சும்மா இரிக்கிறானாமே. எங்கட ஆக்கள்ட ஒரு சொல்லு சொல்லி, அவனுக்கு ஒரு வேல போட்டுத் தாறன்."

"வேல இரிக்கா?"

"இரிக்கி."

"அப்ப பத்திரிகையில போடுங்க. எல்லாப் புள்ளைகளும் பரீட்ச எழுதட்டும், என்ட மகனும் எழுதுவான். வேல இல்லாட்டி இல்லாத வேலைய எனக்கு ஏன் தாறீங்க? அந்தச் சம்பளம் ஆர்ட காசு? இந்த வீதியால போற ஆக்கள்ட காசுதானே?"

கூட வந்தவர்களுக்கு முகம் சிவந்தது. அரசியல்வாதி போன பிறகு அந்த மகன் உம்மாவோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை பழகப் போனான். இன்றைக்கு அவனுக்கு இரண்டு கடை. எனக்கு அந்த நேரத்தில் ராத்தா மீது கோபம்தான் வந்தது, மறைக்கமாட்டேன். பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறாரே என்று நினைத்தேன்.

சுனாமியில் கடல் வந்து போனபோது அவருடைய பழைய கடையையும் கொண்டு போனது. அதுபற்றி அவர் அதிகம் கதைக்கமாட்டார். நிவாரண வரிசையில் நின்றீர்களா என்று கேட்டால், "நிண்டன். கடல் கொண்டு போனதுக்கு நிண்டன். அதுல வெக்கம் இல்ல. ஆனா வருஷக் கணக்கா வரிசையில நிக்கிறதுக்கு நான் பொறக்கல்ல" என்பார். கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட ஒன்றும் கட்டக்கூடாது என்று அப்போது ஒரு கட்டளை இருந்தது. கட்டலாமா, கூடாதா, எங்கே கட்டலாம் என்று சனம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. ராத்தா அலையவில்லை. பழைய தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, அதன்மேல் இரண்டு மூடை அரிசியை ஏற்றி, கடை இருந்த அதே இடத்தில் நிறுத்திவிட்டார். கேட்க வந்தவரிடம், "கட்டடமா இது? சில்லப் பாருங்க தம்பி" என்றார். சக்கரம் இருந்தது உண்மை. அது உருண்டு நான் கண்டதில்லை. கட்டளை தளர்ந்த பிறகுதான் அங்கே கடைச் சுவர் எழும்பியது.

அவரை ஊரார் பேராசைக்காரி என்று சொன்னதும் உண்டு. சொன்னவர்களுக்கு எதிர்க்கடைக் கதையைச் சொல்லுவேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருப்பான். அப்படிச் சம்மாந்துறையிலிருந்து எங்கள் வீதிக்கு வந்த மருமகன் ஒருவன், ராத்தாவின் கடைக்கு நேர் முன்னால் அரிசிக்கடை திறக்க ஆயத்தமானான். அவனுடைய வாப்பாவுக்கு அங்கே வயல். அரிசி மலிவாக வரும். உடனே ஊர் வியாபாரிகள் நாலு பேர் ராத்தாவிடம் வந்துவிட்டார்கள்.

"வெளியூர்க்காரன் ராத்தா. ஒரு தெருவுக்கு ஒரு அரிசிக்கடை போதும் எண்டு எழுதிக் குடுப்பம். லைசன் குடுக்கிற இடத்தில எங்களுக்கு ஆள் இரிக்கி. அவனுக்கு லைசன் கிடைக்காது."

"அவன் கள்ள அரிசியா விக்கப்போறான்?"

"இல்ல, ஆனா..."

"தராசுல ஏமாத்துவானா?"

"அப்பிடி இல்ல ராத்தா, உங்கட நன்மைக்குத்தான்..."

"என்ட நன்மைக்கு நீங்க அவன்ட வாசல மூடுவீங்க. நாளைக்கு அவன்ட நன்மைக்கு ஆரும் என்ட வாசல மூடுவாங்க. எழும்பிப் போங்க, வெயில் ஏறுது."

அந்தப் பையன் கடை திறந்த அன்று ராத்தா தேத்தண்ணிக் கேத்தலும் இனிப்புக்கு வட்டிலப்பமும் கொடுத்தனுப்பினார். அவன் அன்றே ராத்தாவைவிட விலையைக் குறைத்து விற்றான். பாதி வாடிக்கையாளர்கள் வீதியைக் கடந்தார்கள். நானும் கடந்தேன், என்ன செய்வது, குடும்பக்காரி நான். அரிசிப் பையோடு திரும்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். "நல்ல அரிசிதான். ஆனா கல் இரிக்கி" என்றார். மறுநாள் முதல் ராத்தாவின் கடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். ஓட்டோவில் வீட்டு வாசலுக்கே அரிசி வந்து இறங்கியது. அடுத்த மாதம் எதிர்க்கடைக்காரனும் கல் பொறுக்க ஆள் வைத்தான். எங்கள் வீதிச் சோற்றில் கல் கடிபடுவது அத்தோடு நின்றது. எந்த மந்திரியும் அதற்குக் கட்டளை போடவில்லை.

இனி, அந்தத் தராசு.

வருஷத்துக்கு ஒருமுறை தராசுகளையும் படிகளையும் பரிசோதித்து முத்திரை குத்துவதற்கு ஆள் வருவார். மற்றக் கடைக்காரர்களுக்கு அது தொல்லை. ராத்தாவுக்கு அது பெருநாள். புது அபாயா உடுத்து, அத்தர் பூசி, தராசைத் துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். முத்திரை குத்திய தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்பார். தனக்கு முள் தெரியாவிட்டாலும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

"அரசாங்கமே வேணாம் எண்டீங்க. இதுக்கு மட்டும் அத்தர் பூசிட்டுப் போறீங்க?" என்று ஒருமுறை மடக்கினேன்.

"ஆரு வேணாம் எண்டது? நான் எப்பவாவது வேணாம் எண்டு சொன்னனா? தராசு சரியா எண்டு பாக்கிறது அரசாங்கத்துட வேல. அத அவங்கதான் பாக்கோணும், நானே என்ட தராச நல்லம் எண்டு சொன்னா ஆரு நம்புற? ஆனா தராசில என்னத்த வைக்கிற, என்ன விலைக்கு வைக்கிற எண்டது எனக்கும் வாங்குற ஆளுக்கும் உள்ள கத. கள்ளனப் புடிக்கட்டும். கோடு நடத்தி வழக்குக் கேக்கட்டும். றோட்டப் போடட்டும். உன்ன மாதிரி டீச்சர்மாருக்குச் சம்பளம் குடுக்கட்டும், பாவம். இதெல்லாம் ஒழுங்காச் செய்து முடிச்சிட்டு நேரம் இரிந்தா, பொறகு என்ட சுண்டுக்குள்ள கையப் போடட்டும்."

சுண்டு என்பது அரிசி அளக்கும் சின்னப் பேணி. நான் விடவில்லை. ஏழைகள் என்ன செய்வார்கள், விலை ஏறினால் அவர்களைக் காப்பது யார் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரியான கேள்வி" என்றார். அவருடைய பதில் பிறகு ஒரு நோன்பு மாதத்தில் வந்தது.

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையாக இருந்த காலம் அது. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அரிசி விலை நாளுக்கு நாள் ஏறியது. நோன்பு இரண்டாவது கிழமையில், அரிசியை இன்ன விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று கட்டளை வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆசிரியர் அறையில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்த விலை, ஆலைக்காரன் கடைக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராத்தா கடையிலிருந்த அரிசியை முதல்நாள் கட்டளை விலைக்கே விற்றார். காலையில் வேனில் வந்த இரண்டு பேர் மூடை மூடையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குள் கடை துடைத்தாற்போல் ஆகிவிட்டது.

மறுநாள் வீதி முழுவதும், பலசரக்குக் கடைகளில்கூட, 'அரிசி இல்லை' என்ற பலகைகள். பலகைதான் அப்படிச் சொன்னது. பின் கதவால் அரிசி போய்க்கொண்டுதான் இருந்தது, சொந்தக்காரனுக்கு, கூட்டாளிக்கு, உத்தியோகத்தருக்கு. எனக்கும் பின் கதவு ஒன்று திறந்தது. நான் டீச்சர் அல்லவா. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. பிறகு ஒருநாள் கஞ்சிப் பானையே ஏறவில்லை. வாளியோடு வந்த பிள்ளைகள் வெறும் வாளியோடு திரும்பினார்கள்.

அன்று பின்னேரம் ராத்தாவின் காலிக் கடைக்குக் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். ஊரின் எல்லா அரிசிக்கடைகளுக்கும் போய்விட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தாள். நான் ராத்தாவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். மரைக்காரும் நின்றார்.

"ராத்தா, காசு இரிக்கி. அரிசி இல்ல எண்டுறாங்க" என்றாள்.

மரைக்கார் நல்ல மனுஷன், உடனே சொன்னார்: "நீ ஏன் மகள் அலையிற? பெருநாளைக்குப் பித்ரா அரிசி பள்ளியில சேந்த உடன உனக்குத்தானே முதல் பங்கு."

நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன், வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் ஓர் அளவு அரிசியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் பித்ரா. அவள் வருஷா வருஷம் அதை வாங்குகிறவள். ஆனால் அன்று தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"இந்த முற நான் வாங்குற ஆளில்ல, மரைக்கார் காக்கா. என்ட பேருக்கும் மூணு புள்ளைகள்ட பேருக்கும் நான் குடுக்கோணும். இந்த வருஷம் எனக்கு அந்த அளவுக்கு அல்லாஹ் தந்திரிக்கான். அரிசிதான் கிடைக்குதில்ல."

ராத்தா அவளையே பார்த்தபடி இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீ அண்டைக்குக் கேட்டியே, ஏழைய ஆரு காப்பாத்துற எண்டு? பாரு. விலைக்குக் கட்டுப் போட்டா முகத்தப் பாத்துத்தான் விக்கவேண்டி வரும். முகம் தெரிஞ்ச உனக்கு அரிசி வரும். கைல காசோட நிக்கிற இவளுக்கு வராது. இல்லாத அரிசி என்ன விலையெண்டாலும் மலிவுதான், போ!"

மறுநாள் காலையில் சம்மாந்துறை ஆலையிலிருந்து ஆலை விலைக்கே மூடைகள் வந்து இறங்கின. ராத்தா வெண்கட்டியால் பலகையில் பெரிதாக விலை எழுதி வாசலில் வைத்தார். கட்டளை விலையைவிடக் கூடிய விலை. ஒளிவு மறைவு இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு வீட்டுக்கு வேண்டியது மட்டும். வரிசையில் முதல் ஆள் அந்த இடியப்பக்காரி. பிள்ளைகளுக்கும் இடியப்பத்துக்கும் வாங்கிப்போனாள். பித்ரா அரிசி வாங்கப் பெருநாளுக்குக் கிட்ட வருவதாகச் சொன்னாள்.

மரைக்கார் ஓடி வந்தார். "ராத்தா, உங்களுக்கென்ன விசரா? பலகைய அழிங்க. உள்ளால வித்தா ஆரும் கேக்கமாட்டாங்க. எல்லாரும் அப்பிடித்தானே செய்றாங்க!"

"உள்ளால விக்க நான் என்ன கஞ்சாவா விக்கிறன்? பதுக்குறது ஹராம், நான் பதுக்கல்ல. மதீனாவில விலை ஏறி, விலை குறிச்சுத் தாங்க எண்டு கேட்ட ஆக்களுக்கு நபி நாயகம் என்ன சொன்னாங்க எண்டு நம்மட மௌலவிட்ட கேட்டுப் பாருங்க. அவங்களே போடாத விலைய இவங்க போடுறாங்க."

மரைக்கார் கேட்கப் போகவில்லை. பதில் அவருக்குத் தெரியும்.

பலகையைப் பார்த்து யார் தகவல் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது எதற்கு. நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது விலை பார்க்கும் உத்தியோகத்தர் வந்தார். காரைதீவுத் தமிழ்ப் பையன், புதிதாக வேலைக்கு வந்தவர். பலகையைப் பார்த்தார், கையிலிருந்த கட்டளையைப் பார்த்தார்.

"அம்மா, இந்த விலைக்கு விக்க ஏலாது."

"ஓம் தம்பி. நீங்க சொல்ற விலைக்கு எங்க அரிசி இரிக்கி எண்டு காட்டுங்க. நானே போய் வாங்கிட்டு வந்து, கூலியும் எடுக்காம அதே விலைக்கு விக்கிறன்."

அவர் திரும்பி வீதியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் 'அரிசி இல்லை'. பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கும் ஒரு வேலை. வழக்கை எழுதினார். ராத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பாங்கு சொல்லப் போறாங்க. இரிந்து பேரீச்சம்பழம் ஒண்டு சாப்பிட்டுட்டுப் போங்க மகன்" என்றார். அவர் இருந்தார், சாப்பிட்டார். போகும்போது அந்த வரிசையை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வழக்கு எடுத்தார்கள். கடையில் நின்ற கூலிக்காரன் தெரியாமல் விலையைப் பிழையாக எழுதிவிட்டான் என்று சொல்லச் சொன்னார் சட்டத்தரணி. ராத்தா கேட்கவில்லை. "ஓம் ஐயா, நான்தான் எழுதின. மறைக்காம எழுதின" என்றார். நீதவான் அபராதம் விதித்தார். அடுத்த முறை என்றால் கடை மூடப்படும், சிறை மறியலும் வரலாம் என்று எச்சரித்தார். ராத்தா தலையைக் குனிந்து கேட்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்:

"சட்டம் சட்டம்தான் ஐயா. இனி அந்த விலைக்கு மேல என்ட கடையில ஒரு அரிசி மணியும் விக்கமாட்டன்."

கூடப் போயிருந்த நான் வரும் வழியெல்லாம் அவரோடு கதைக்கவில்லை. ஊர் கதைத்தது. "ராத்தாவும் பணிஞ்சிட்டா" என்று தேநீர்க் கடையில் சொல்லிச் சிரித்தார்கள். இடியப்பக்காரி வந்து, பலகை இல்லாத வாசலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அவளிடம் அப்போதிருந்தது அன்றன்றைக்கு இடியப்பத்துக்கான மா மட்டும்தான். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் காசிருந்தும் அவள் மறுபடி வாங்குகிறவர்களின் வரிசையில்தான் நிற்கப்போகிறாள் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. ராத்தா அன்று இரண்டுதரம் சம்மாந்துறைக்குப் போய்வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை உழவு மெசின் சத்தத்தில் கண் விழித்தேன். ராத்தாவின் கடை வாசலில் பின்னால் இழுவைப் பெட்டி நிறைய மூடைகளோடு அந்த டிராக்டர் நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். மூடை ஒன்றின் வாய் அவிழ்ந்திருந்தது. உள்ளே அரிசி இல்லை. நெல்!

பலகை மறுபடி வாசலுக்கு வந்திருந்தது. 'நெல் உண்டு' என்று எழுதி, கீழே விலை.

அரிசிக்கு விலை போட்டவர்கள் நெல்லை மறந்துவிட்டார்கள். கொழும்பில் அரிசி கடையில் விளைகிறது. எங்களுக்கு அப்படியா? அரை மணி நேரம் உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், வீட்டுக்கு வீடு நெல். பின்னால் உள்ள சந்தில், அந்த ஒழுங்கையில், மாவு அரைக்கும் ஒருவரிடம் நெல்லுக் குத்தும் சின்ன மெசின் ஒன்றும் இருந்தது. குத்துக்கூலிக்கும் யாரும் விலை போட்டிருக்கவில்லை. ராத்தாவிடம் நெல்லை வாங்கு, ஒழுங்கைக்குள் போய்க் குத்து, அரிசியை வீட்டுக்குக் கொண்டு போ, தவிட்டைக் கோழிக்குப் போடு. சட்டத்தில் ஒரு எழுத்தும் மீறவில்லை.

நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். வாய் நிறையச் சிரிப்பு, கண் நிறையக் கண்ணீர்.

"கோட்டுல பொய் சொல்லல்ல நான்" என்றார். "ஒரு மணி அரிசியும் விக்கல்ல."

பத்து மணிக்குள் ஒழுங்கை நிரம்பியது. உரப்பையோடு, தலையணை உறையோடு, சாக்கோடு சனம். பகல் திரும்பும்போது எதிர்க்கடைச் சம்மாந்துறை மருமகனும் தன் வாப்பாவின் வயல் நெல்லை இறக்கிவிட்டான். ராத்தாவின் பலகையை எட்டிப் பார்த்து, தன் பலகையில் கொஞ்சம் குறைத்து எழுதினான். ராத்தாவின் வரிசை உடைந்து வீதியைக் கடந்தது.

"கண்டியா! கண்டியா டீச்சர்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார் ராத்தா. "குறைச்சிட்டான், கள்ளன்! இவனுக்கு அண்டைக்கு வட்டிலப்பம் குடுத்தது வீண் போகல்ல!" பிறகு தன் பலகையை அழித்து, அவனைவிட இன்னும் குறைத்து எழுதினார்.

அடுத்த நாள் இன்னும் உழவு மெசின்கள் நெல்லோடு வந்தன. விலை வீழ்ந்தது. யாருடைய பின் கதவுக்கும் இனி ஆள் இல்லை. கஞ்சிப் பானை மறுபடி ஏறியது. பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் கட்டளை போட்டவர்களே அதைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் காரைதீவுத் தம்பி மறுபடி வந்தார். அவர் பலகையை வாசித்தார். பையிலிருந்து கட்டளையை எடுத்து வாசித்தார். மூடைக்குள் கையைவிட்டு அள்ளிப் பார்த்தார்.

"அம்மா, இது நெல்."

"ஓம் தம்பி. நெல்தான்."

வரிசையில் ஒரு பெடியன் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினான். தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் இதில என்னத்தப் பாக்கிற?"

"தராசப் பாருங்க. அதத்தான் பாக்கோணும்."

அவர் ஏதோ கேலி என்று நினைத்திருக்க வேண்டும். ராத்தாவின் முகத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை. படிக்கல்லை வைத்தார், முள்ளைக் குனிந்து பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு."

"உரத்துச் சொல்லுங்க மகன். எல்லாருக்கும் கேக்கட்டும்."

"தராசு சரியா இருக்கு!" என்று அவர் வீதிக்குக் கேட்கச் சொன்னார். எங்கள் ஊர்க்காரி, என் சுவருக்கு அடுத்த பக்கத்துக்காரி என்று எனக்கு ஒரு பெருமை வந்தது. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய், அந்தச் சிவப்புக் கதிரையில் அவருடைய மகள் இருக்கும் இந்தக் காலத்திலும் அதை நினைத்தால் அப்படித்தான் வருகிறது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை கண்டாகிவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் முழங்கத் தொடங்கியது. ஒழுங்கைக்குள்ளிருந்து இடியப்பக்காரி வந்தாள். குத்திய சூடு ஆறாத அரிசிப் பை இடுப்பில், பக்கத்தில் மூன்று பிள்ளைகள். கடையடியில் நிற்கவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. பள்ளிவாசல் பக்கம் நேராக நடந்தாள். நாலு பேருக்கான பித்ரா.

ராத்தா கதிரையின் கைப்பிடி இரண்டையும் அழுத்திப் பிடித்து எழும்பினார். நான் உதவிக்குக் கை நீட்டினேன், தட்டிவிட்டார். அந்தப் பெண் பள்ளிவாசல் வாசலில் மரைக்காரின் முன்னால் பையை இறக்கி வைக்கும்வரை அவர் உட்காரவில்லை.